தொட்டுப் பார்க்கச் சொல்லும் அக்கா

வாயை அகலத் திறந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைக்கப் போகிறவர் மாதிரி 'ஹா' என்று ஒரு மூச்சு விடுகிறார். கையில் இருப்பது ஒரு கறுப்பு ஐசி, மின்னணுச் சில்லு. சுண்டு விரலின் ஒரு கணு அளவுதான் இருக்கும். பக்கத்துக்கு ஏழாகப் பதினாலு கால். மல்லாத்திப் போட்டால் செத்த பூரான் மாதிரி கிடக்கும். அதன் முதுகில் இருந்த எழுத்தை யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். மூச்சின் ஈரம் படிந்து விலகுகிற ஒரு நொடியில் பழைய எழுத்தின் நிழல் எழும்பி அடங்கும். அதற்குள் படித்துவிட வேண்டும். அக்கா மேஜை விளக்கைச் சாய்க்கிறார், ஐசியைச் சாய்க்கிறார், தலையையும் சாய்க்கிறார். "ஏழு... நாலு... அப்புறம் ஒரு வட்டம். ம்ஹூம், ஏமாத்துது. இன்னொரு ஹா."

ஐம்பத்தாறு வயது. சாவி வெட்டும் கடைக்கு மேலே, இரும்புப் படி ஏறிப் போனால் ஒரே ஓர் அறை. மூன்று சுவர்களில் தீப்பெட்டிகள், உத்தரம் வரைக்கும். தீக்குச்சி ஒன்றிலும் கிடையாது. கழற்றிய ஐசி எதையும் அக்கா குப்பையில் போடுவதில்லை. செத்ததைத் தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் படுக்கவைத்து, எந்த மிஷினில் இருந்தது, என்றைக்குக் கழற்றியது என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி மடித்து உள்ளே வைத்துவிடுவார். கீழே இருக்கும் சாவிக்காரர் அந்த அறைக்குச் சவக்கிடங்கு என்று பெயர் வைத்திருக்கிறார்.

பத்தொன்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போர்டு செய்யும் கம்பெனியில் பரிசோதனைப் பிரிவில் இருந்தவர். கம்பெனியை மூடியபோது மற்றவர்கள் சுவர்க் கடிகாரத்தையும் மின்விசிறியையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அக்கா ஐசி விவரப் புத்தகங்களைக் கேட்டார். யாரும் போட்டிக்கு வரவில்லை. மூன்று நடையில் சுமந்துகொண்டு வந்தார்.

பழைய மிஷின்களில் இருக்கும் ஐசிகள் பலவற்றை இன்றைக்கு யாரும் செய்வதில்லை. செய்கிற காலத்திலேயே சில கம்பெனிகள் அவற்றின் உண்மையான எண்ணை அழித்துவிட்டுத் தங்களுக்கு மட்டும் புரியும் ஓர் எண்ணை அச்சடித்து வைத்தன. ரிப்பேருக்குத் தங்களிடமே வந்தாக வேண்டும் என்பதற்காக. அப்புறம் அந்தக் கம்பெனிகளும் போய்ச் சேர்ந்தன. மிஷின் மட்டும் ஊமையாக நிற்கிறது. அக்காவுக்கு இதை நினைத்தாலே மூக்கு நுனி சிவந்துவிடும். "எழுத்தை அழிக்கிறவன் எதை அழிக்கிறான் தெரியுமா? அடுத்தவன் கத்துக்கறதை அழிக்கிறான். திருடன்கூட வீட்டுக்காரன் முழிச்சுக்கக் கூடாதுன்னுதான் நினைப்பான். இவனுங்க நாம பிறவியிலேயே தூங்கணும்னு நினைக்கிறானுங்க."

எண் இல்லாத ஐசியைக் கண்டுபிடித்து, அதே வேலையைச் செய்யும் வேறொன்றைச் சொல்வதால் தெருவில் அவருக்கு 'ஜோசியக்கா' என்று பெயர். அக்காவுக்கு அந்தப் பெயர் வேப்பங்காய். கூப்பிடுகிறவர்களிடம் ஒவ்வொரு தடவையும் சண்டைக்கு நிற்பார்.

"ஜோசியர் தப்பாச் சொன்னா கிரகத்தைக் கை காட்டிட்டுப் போயிடுவார். நான் தப்பாச் சொன்னா புகை வரும். ரெண்டும் ஒண்ணா?"

"கோவிச்சுக்காதே ஜோசியம். இன்னைக்கு யாருக்கு ஆயுசு கெட்டி?" என்பார் சாவிக்காரர், படியின் கீழிருந்து.

"உன் வாய்க்கு மட்டும்."

எம்பிராய்டரி மிஷின் போர்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஒருவர் வந்து, "இதே நம்பர்தான் வேணும்" என்று நிற்பார். அக்கா நாற்காலியைக் காட்டுவார். "நம்பர் செத்துப்போச்சுங்க. ஆனா அது பார்த்த வேலை சாகலை. அந்த வேலைக்கு வேற ஆள் தர்றேன்."

"ஆள் ஒழுங்கா இருப்பானா?"

"அதைத்தான் பார்க்கப் போறேன். உட்காருங்க. அவசரம்னா இப்பவே எழுந்து போயிடுங்க."

அந்தக் கடைசி வாக்கியம் இரண்டு வருஷமாகத்தான் சேர்ந்திருக்கிறது. இரண்டு வருஷமாக இன்னொரு பழக்கமும் உண்டு. புது ஐசியைப் போட்டு முடித்ததும் போர்டுக்கு மின்சாரம் கொடுத்துப் பத்து நிமிஷம் சும்மா ஓட விடுவார். பிறகு இடது ஆள்காட்டி விரலின் முதுகை அந்த ஐசியின் மேல் வைப்பார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. விரலை எடுத்துவிட்டு வந்தவரைப் பார்த்துச் சொல்வார்: "தொட்டுப் பாருங்க."

"நான் எதுக்கும்மா தொடணும்? நீங்க சொன்னா சரி."

"நான் சொன்னா சரி இல்லை. தொடுங்க."

தொடாமல் போர்டு அந்த அறையைவிட்டு வெளியே போகாது. சிலர் சிரித்துக்கொண்டு தொடுவார்கள். சிலர், இந்த அம்மாவுக்கு மண்டையில் ஏதோ ஒரு கம்பி கழன்றுவிட்டது என்ற முகத்தோடு தொடுவார்கள். எப்படியோ தொடுவார்கள்.

மேஜையின் வலது மூலையில் அவர் கையால் செய்த டெஸ்டர் இருக்கிறது. மருந்துக்கடைத் தகரப் பெட்டியில் ஓட்டை போட்டுச் செய்தது. பதினாலு சின்ன விளக்குகள், ஒரு சிவப்புச் சுவிட்ச். சுவிட்சை மேலே தள்ளினால், ஐசியின் கால்கள் உயர்வதற்கு டெஸ்டரே உள்ளேயிருந்து கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். கீழே தள்ளினால் அந்த உதவி கிடையாது. ஐசி தானாக உயர்ந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. எந்த ஐசியையும் இரண்டு தடவை பார்க்க வேண்டும் என்பது அக்காவின் சட்டம். "ஒரு தடவை கை கொடுத்துப் பார்க்கணும். ஒரு தடவை கையை விட்டுப் பார்க்கணும்."

ஒரே பூட்டை இரண்டு சாவி திறந்தால் இரண்டும் ஒன்றுதானே, எதற்கு இரண்டு தடவை பார்க்கிறாய் என்று சாவிக்காரர் ஒருநாள் கேட்டார். அக்கா உற்சாகமாகிவிட்டார்.

"ரயில் பெட்டியில ஆபத்துச் சங்கிலி இருக்கில்ல? நாலு இடத்துல பிடி தொங்கும், ஆனா சங்கிலி ஒண்ணு. யார் இழுத்தாலும் வண்டி நிக்கணும். சரியா?"

"சரி."

"7403ன்னு ஒரு ஐசி. அதுக்கு இழுக்க மட்டும்தான் தெரியும். இழுக்க வேண்டாம்னா கையை விட்டுடும். சங்கிலியைத் திரும்பத் தூக்கி வைக்கறதுக்குன்னு போர்டுல பக்கத்துலயே ஒரு ரெசிஸ்டர் இருக்கும், ஸ்பிரிங் மாதிரி. 7400ன்னு இன்னொண்ணு. அதே கால், அதே கணக்கு, அதே பதில். ஆனா அது கையை விடாது. இழுக்க வேண்டாம்னா, சங்கிலிக்கு முட்டுக் கொடுத்து மேலே தள்ளும். தனிக் கம்பியில போட்டா ரெண்டும் ஒண்ணுதான். சங்கிலியில போட்டா?"

சாவிக்காரர் யோசித்தார். "மத்தவன் இழுக்கறான். இவன் தள்றான்."

"அவ்வளவுதான். ரெண்டு பேருக்கும் உடம்பு கொதிக்கும். கொஞ்ச நாளைக்கு இழுக்கறவன் ஜெயிப்பான். ஒருநாள் தோத்துப்போவான். அன்னைக்கு வண்டி நிக்காது. சாதாரண டெஸ்டருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. அது எல்லாருக்கும் தூக்கிக் கொடுத்துட்டு, எல்லாரும் நல்லவங்கன்னு சொல்லிடும்."

"மேலதிகாரி மாதிரி" என்று சொல்லிவிட்டுச் சாவிக்காரர் படி இறங்கினார். இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

விபத்துக்கு ஆறு வருஷம் முன்னால் நடந்த பேச்சு இது. அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

அக்காவுக்கு ஒரே தம்பி. பதிமூன்று வயது இளையவன். அம்மா போன பிறகு அவனைக் குளிப்பாட்டி, தலை சீவி, சட்டைப் பட்டன் போட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனது அக்காதான். வளர்ந்து, கதவுக் கீல் அடிக்கும் பட்டறையில் பிரஸ் ஓட்டப் போனான். பிரஸ் என்பது இரும்புத் தகட்டை ஒரே அடியில் வெட்டி மடிக்கும் மிஷின். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒன்றாக அழுத்தினால்தான் அது இறங்க வேண்டும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் மிஷினின் வாய்க்குள் போகாது என்பது அதன் பாதுகாப்பு.

ஆனால் மணிக்கு இத்தனை கீல் என்று கணக்குக் கேட்பார்கள். இரண்டு கையையும் பட்டனில் வைத்து எடுத்துக்கொண்டிருந்தால் கணக்கு வராது. அதனால் ஒரு பட்டனைக் கம்பியால் கட்டிவிட்டு, ஒரு கையால் அழுத்திக்கொண்டே மறு கையால் தகட்டைத் தள்ளுவார்கள். கட்டாதே என்று சுவரில் எழுதியிருக்கும். அந்த எழுத்துக்குக் கீழேயே இன்றைய எண்ணிக்கை என்ன என்றும் எழுதியிருக்கும். கட்டினால் பிடிபடுவான், கட்டாவிட்டால் வேலை போகும். இந்த ஏற்பாட்டைச் செய்தவனுக்கு நிர்வாகி என்று பெயர். தம்பியும் ஒரு காலத்தில் கட்டினவன்தான். ஒருமுறை பிடிபட்டு எழுதிக் கொடுத்தான். அதற்குப் பிறகு கட்டவில்லை.

ஒருநாள் அந்தப் பிரஸ் நின்றுவிட்டது. கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருந்த போர்டு கெட்டுப்போயிருந்தது. செய்த கம்பெனி எப்போதோ மூடியாகிவிட்டது. எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, தம்பி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்: "எங்கக்காகிட்ட கொடுங்க. பேசாத ஐசியையே பேச வைப்பா."

பிளாஸ்டிக் பையில் போர்டைப் போட்டுக்கொண்டு படியேறி வந்தான். கெட்டுப்போன ஐசியின் முதுகில் பட்டறைக்காரர்களுக்கோ உலகத்துக்கோ புரியாத ஒரு சொந்த எண். நாலு வாசல் கொண்ட ஐசி, அதாவது ஒரே கணக்கைத் தனித்தனியாகப் போடும் நாலு பகுதி உள்ளே. ஒரு வாசல் செத்து, மூன்று உயிரோடு இருந்தன. அக்கா அதை டெஸ்டரில் மாட்டினார். தம்பியின் போன் அடித்தது. எடுத்தான், வைத்தான். மறுபடி அடித்தது.

"அக்கா, சூப்பர்வைசர். நாலாவது தடவை கூப்பிடுறான். மிஷின் நின்னா உலகமே நின்ன மாதிரி கத்துறான்."

"இருடா, பேசாதே."

சிவப்புச் சுவிட்ச் மேலே இருந்தது. மூன்று விளக்கும் ஒழுங்காக எரிந்து அணைந்தன. கணக்குச் சரி. 7400. அக்காவின் விரல் சிவப்புச் சுவிட்சுக்குப் போனது. போன் ஐந்தாவது முறை அடித்தது. அக்கா கையைத் திருப்பி, புது 7400 இருந்த டப்பாவை எடுத்தார்.

போர்டில் அந்த ஐசிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரெசிஸ்டர் இருந்தது. அக்கா அதைப் பார்த்தார். "பார்த்தேன். பார்த்துட்டு, 'எதுக்கோ வச்சிருக்கான்'னு நினைச்சேன்" என்று இன்றைக்கும், ஈயம் வைக்கும்போது, யாரும் கேட்காமலே சொல்லிக்கொள்கிறார்.

பிரஸ் பதினேழு நாள் நன்றாக ஓடியது. பட்டறையில் எல்லோரும் தம்பியின் அக்காவைப் பாராட்டினார்கள். பதினெட்டாம் நாள், மத்தியான வெயிலில் தகரக் கூரை கொதித்துக்கொண்டிருந்தபோது, தம்பி இரண்டு பட்டனையும் விட்டுவிட்டு, அடித்து முடித்த கீலை எடுப்பதற்காகக் கையை உள்ளே நீட்டினான். பிரஸ் யாரும் அழுத்தாமல் இன்னொரு முறை இறங்கியது.

வலது கை, மணிக்கட்டுக்கு மேலே.

ஆஸ்பத்திரிக்கு அக்கா போவதற்கு முன்னால் பட்டறையின் காகிதம் போய்விட்டது. அதில் எழுதியிருந்தது: பட்டனைக் கம்பியால் கட்டி வைத்து ஓட்டினான்; ஏற்கெனவே எச்சரிக்கப்பட்டவன். கட்டிலுக்கு அந்தப் பக்கம் தம்பி மனைவி நின்றுகொண்டிருந்தாள், அழுவதற்குக்கூட நேரம் கிடைக்காதவள் மாதிரி. அக்கா தம்பியின் முகத்தைப் பார்த்தார், கட்டுப் போட்ட இடத்தைப் பார்த்தார்.

"எத்தனை தடவைடா சொன்னேன், கட்டாதே கட்டாதேன்னு! சோறா தின்னுறே?"

"இல்லக்கா. இந்தத் தடவை கட்டலைக்கா."

"இந்தத் தடவை!" என்றார் அக்கா, சுற்றி இருந்த கட்டில்களுக்கெல்லாம் கேட்கும்படி. "இந்தத் தடவையாம்!"

 தம்பி கண்ணை மூடிக்கொண்டான். அந்த முகத்தை மட்டும் எந்தத் தீப்பெட்டிக்குள்ளும் வைத்து மூட அக்காவால் இன்றுவரை முடியவில்லை.

நாலு நாள் கழித்துத் தம்பி மனைவி மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்த இடத்தில் சொன்னாள்: "அண்ணி, ஒண்ணு சொன்னா நம்புவீங்களா? அன்னைக்குக் காலையிலேயே அந்த மிஷின் தானா ஒரு தட்டுத் தட்டுச்சாம். இவர் போய்ச் சொன்னாராம். 'ஓட்டு, பார்த்துக்கலாம்'னு சூப்பர்வைசர் சொன்னாராம். அந்தப் பெட்டியைத் தொட்டாலே சுட்டுச்சுன்னு இவர் புலம்பிட்டே இருக்காரு."

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். கை நின்றது. "எது சுட்டுச்சு?"

"அந்த போர்டு இருக்கிற பெட்டி. ஏன் அண்ணி?"

அக்கா செருப்பை மாட்டியது நினைவில் இல்லை என்கிறார். அறைக்கு வந்து, தேதி பார்த்து, அந்தத் தீப்பெட்டியை எடுத்தார். பஞ்சிலிருந்து பழைய ஐசியை எடுத்து டெஸ்டரில் மாட்டினார். சிவப்புச் சுவிட்ச் மேலே: மூன்று விளக்கும் எரிந்தன. சுவிட்சைக் கீழே தள்ளினார்.

ஒன்றுகூட எரியவில்லை.

மறுபடி மேலே, மறுபடி கீழே. இழுக்க மட்டும் தெரிந்தது அது. 7403. பிரஸ்ஸின் 'நிறுத்து' கம்பியில் நாலைந்து ஐசிகள் சேர்ந்து தொங்கிக்கொண்டிருந்தன, ரயில் சங்கிலியில் பயணிகள் தொங்குவது மாதிரி. அந்தச் சங்கிலியில்தான் அக்கா கை விடாத ஒருத்தனைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்.

முதலில் தம்பி மனைவியிடம்தான் சொன்னார். அவள், "விதி அண்ணி. யாருக்கு எப்பன்னு எழுதி வச்சது. நீங்க என்ன செய்வீங்க? எங்க கெட்ட நேரம்" என்றாள். பெரிய மனசு அவளுக்கு. அக்காவுக்கோ அந்த வார்த்தை சுட்ட இடத்தில் சுடுதண்ணீர் ஊற்றிய மாதிரி இருந்தது.

"நேரம் கெடலைம்மா. நேரம் ஒழுங்காத்தான் ஓடிட்டு இருந்துச்சு. நான் ஒரு சுவிட்சைக் கீழே தள்ளலை. காலையிலேயே சொன்னவனை ஓட்டுன்னு ஒருத்தன் விரட்டினான். இதுக்கெல்லாம் விதின்னு பேர் வச்சா, நானும் தப்பிச்சுக்குவேன், அவனும் தப்பிச்சுக்குவான். கை மட்டும்தான் போயிருக்கும்."

தம்பியிடம் சொன்னபோது அவன் சுவர்ப் பக்கமாகப் புரண்டு படுத்தான். "போக்கா" என்றான். அதற்கப்புறம் ஐந்து மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா போகும் நாட்களில் கண்ணை மூடிப் படுத்திருப்பான். எது அவனை அதிகம் வெட்டியது, அந்த ஐசியா, ஆஸ்பத்திரியில் சொன்ன அந்த வார்த்தையா என்று அக்கா இன்றுவரை கேட்டதில்லை. அவருக்கு விடை தெரியும்.

அக்கா நேரே பட்டறைக்கு எழுதிக் கொடுத்தார். என் தவறு இது. என் தம்பி பட்டனைக் கட்டவில்லை. பட்டறையில் இருந்து பதில் இல்லை. அந்த போர்டைக் கேட்டார். பழைய இரும்போடு போட்டுவிட்டோம் என்றார்கள். தொழிலாளர் நல அலுவலகத்தில் விசாரணை என்று கடைசியில் ஒரு தேதி வந்தது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 'தொழிலாளியின் சொந்தக் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். அக்காவைப் பற்றி இரண்டு வரி உண்டு: சாட்சி, பாதிக்கப்பட்டவரின் உடன்பிறந்தவர், சோதனையில் இரு பாகங்களும் ஒரே வகை எனத் தெரியவந்தது. தம்பி இப்போது ஒரு பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பெயரை இடது கையால் எழுதுகிறான். எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து மாதிரி இருக்கிறது. கட்டி வைத்து ஓட்டினவன் என்பதுதான் காகிதத்தில் அவன் பெயர்.

அந்த அலுவலகத்தில் காகிதம் பறக்காமலிருக்க ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு கல் வைத்திருந்தார்கள். நீளமான மேஜை. அதிகாரி நடுவில், பட்டறை நிர்வாகி ஒரு பக்கம், அவர் கூட்டிவந்த எஞ்சினியர் பக்கத்தில், பளபளக்கும் கையடக்க டெஸ்டரோடு. சுவரோரப் பெஞ்சில் தம்பியும் அவன் மனைவியும். சட்டையின் வலது கையை மடித்து ஊசி குத்திவிட்டிருந்தாள் அவள்.

நிர்வாகி பிளாஸ்டிக் உறையில் ஒரு கம்பித் துண்டைக் காட்டினார். "மிஷின் பக்கத்துல கிடந்தது சார்."

"இரும்புப் பட்டறையில கம்பி கிடக்காம, பின்னே பூவா கிடக்கும்?" என்றார் அக்கா.

அதிகாரி பேனாவைத் தட்டினார். "கேட்டா மட்டும் பேசுங்கம்மா. நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"அக்கா."

"கூடப் பிறந்த அக்காவா?"

"கூடப் பிறந்து, வளர்த்த அக்கா. அதனால பொய் சொல்றேன்னு நினைக்காதீங்க. நான் எனக்கு எதிராத்தான் சொல்றேன்."

"அக்கான்னா அப்படித்தான் சொல்லுவாங்க" என்று அதிகாரி சிரித்தார். பரிவான சிரிப்புதான். 

எஞ்சினியர், அக்கா கொண்டுவந்திருந்த பழைய ஐசியைத் தன் டெஸ்டரில் மாட்டினார். பச்சை விளக்கு. மூன்று வாசல் சரி, வகை 7400. புது 7400ஐ மாட்டினார். பச்சை விளக்கு. வகை 7400.

"ரெண்டும் ஒண்ணுதான் சார்."

"உங்க டெஸ்டர் உள்ளே இருந்து தூக்கிக் கொடுக்குது" என்றார் அக்கா. "அதை நிறுத்திட்டுப் பாருங்க. நீங்க படிச்சவர், உங்களுக்குத் தெரியும்."

எஞ்சினியர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். ஒரு கணம்தான். அவருக்குத் தெரியும் என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அவர் குனிந்து, டெஸ்டரின் மூடியைத் துடைக்க ஆரம்பித்தார். "இதுல அந்த வசதி இல்லைங்க."

அக்கா பையிலிருந்து பேட்டரிப் பெட்டியை எடுத்தார். ஒரு சின்ன போர்டில் 7403 ஒன்றையும் 7400 ஒன்றையும் அடுத்தடுத்து மாட்டி, இரண்டின் வாசல்களையும் ஒரே கம்பியில் கோத்திருந்தார். ஒன்று இழுக்கும், மற்றது தள்ளும். கம்பியை பேட்டரியில் செருகினார். "ரெண்டு நிமிஷம் இருங்க. எதுவும் கேட்க வேண்டாம், எதையும் நம்ப வேண்டாம். இதே மாதிரிதான் அந்தப் பெட்டி பதினெட்டு நாள் சுட்டுக்கிட்டு இருந்துச்சு. அவன் சொன்னான். யாரும் தொட்டுப் பார்க்கலை."

இரண்டு நிமிஷம் ஆயிற்று. அக்கா போர்டை மேஜையின் நடுவுக்குத் தள்ளினார்.

"தொட்டுப் பாருங்க சார்."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "தொட்டுப் பார்க்கிறதெல்லாம் விசாரணை முறையில வராதும்மா."

"சுடுதா இல்லையான்னு ஒரு விரல் போதும் சார்."

அதிகாரி பேனாவின் மூடியைத் திறந்து, மூடினார். நிர்வாகி இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். எஞ்சினியர் துடைத்த மூடியையே துடைத்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் ஆறு கை இருந்தது. ஒன்றும் நீளவில்லை.

பெஞ்ச் நகரும் சத்தம் கேட்டது. தம்பி எழுந்து வந்தான். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜை ஓரத்தில் நின்று, இடது கையை நீட்டி, ஆள்காட்டி விரலை அந்த ஐசியின் முதுகில் வைத்தான்.

மூன்று நொடிக்கு மேல் வைக்க முடியாத சூடு அது. அக்காவுக்கு அளவு தெரியும். மனசுக்குள் எண்ணினார். மூன்று போயிற்று. ஐந்து. அவன் தாடை இறுகியது. கண் அதிகாரியைவிட்டு அகலவில்லை.

"சுடுது சார்" என்றான்.

அதிகாரி அடுத்த பக்கத்தைத் திருப்பினார். தம்பி விரலை எடுக்கவில்லை. எட்டு. ஒன்பது. அக்கா பேட்டரிக் கம்பியைப் பிடுங்கக் கையை நீட்டினார். மடித்து ஊசி குத்திய வலது சட்டைக் கை எழும்பி வந்து, அக்காவின் மணிக்கட்டின் மேல் படிந்து, தடுத்தது.